தப்பிக்க வழியில்லாத இடம், திரும்பத் திரும்ப அதே நாள்: உங்களை உலுக்கிய டைம் லூப் கதை எது?

நானே ஆரம்பிக்கிறேன். டைம் லூப் கதைகளில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: போன சுற்று எதையாவது மிச்சம் வைத்துவிட்டுப் போகிறதா? அதை முகத்தில் அறைகிற மாதிரி காட்டிய படம் 2009இல் வந்த 'ட்ரையாங்கிள்', கிறிஸ்டோபர் ஸ்மித் எடுத்தது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள், கதையைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது.

ஜெஸ் என்ற பெண் சிலரோடு பாய்மரப் படகில் போகிறாள், புயலில் படகு கவிழ்கிறது, அதன் முதுகில் தொற்றிக்கொண்டு கிடப்பவர்களுக்கு முன்னால் 'ஏயோலஸ்' என்ற பெரிய பயணிக் கப்பல் வந்து நிற்கிறது. ஏறினால் உள்ளே ஆளே இல்லை. நடுக்கடல், ஓட வழியில்லை, முகத்தை மூடிய யாரோ ஒருவர் துப்பாக்கியோடு துரத்துகிறார். இதெல்லாம் எங்கேயோ பார்த்ததுதான். ஆனால் அவளுடைய லாக்கெட் கழன்று ஒரு கம்பிச் சட்டத்துக்குக் கீழே விழுகிறது, எட்டிப் பார்த்தால் அங்கே அதே லாக்கெட் ஒரு குவியல். அவள் ஒரு சீட்டு எழுதுகிறாள், அதே வரியை அதே கையெழுத்தில் எழுதிய சீட்டுகள் பக்கத்திலேயே கொட்டிக் கிடக்கின்றன. அப்புறம் மேல்தளம். படகில் கூட வந்த சாலி குற்றுயிராய்த் தவழ்ந்து போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே பல சாலிகள் செத்துக் கிடக்கிறார்கள், கடற்பறவைகள் கொத்திக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். இது எத்தனையாவது தடவை என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

கப்பல் படத்தைப் பார்த்து, கிரேக்கப் புராணத்தில் வரும் ஏயோலஸின் மகன் சிசிஃபஸ் பற்றி ஒரு பேச்சு வரும், மரணத்துக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் என்று. முதல் தடவை அது காதிலேயே ஏறாது. கடைசியில் ஜெஸ் டாக்ஸி டிரைவரிடம் திரும்பி வருவதாகச் சொல்கிறாளே, அதைக் கேட்ட பிறகு மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

———

மிச்சம் கிடந்தால்தான் பயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதுவுமே மிச்சமில்லாமல் எல்லாம் துடைத்துப் போவது அதைவிடக் கொடுமை. எனக்கு அதைக் காட்டியது ஜப்பானின் 'ஹிகுராஷி'. 2002இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வந்த, கணினியில் படிக்கிற கதை விளையாட்டு, நான் முதலில் பார்த்தது 2006இல் வந்த அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை. ஹினாமிசாவா என்ற மலைக் கிராமம், 1983 ஜூன் மாதம். அணை கட்டுவதை எதிர்த்துப் போராடிய ஊர். நான்கு வருடமாக ஒவ்வொரு திருவிழா இரவிலும் ஒருவர் சாகிறார், ஒருவர் காணாமல் போகிறார், ஓயாஷிரோ சாமியின் சாபம் என்கிறார்கள். முதல் பகுதி ரத்தக்களரியாக முடிந்ததும் அடுத்ததில் அதே பிள்ளைகள் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு சீட்டு விளையாடுகிறார்கள்! இது லூப் என்றே ரொம்ப நேரம் சொல்ல மாட்டார்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாம்தான் தவிக்க வேண்டும். எல்லாம் நினைவிருப்பது ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும், யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது தெரிய வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. லாக்கெட் குவியல் இருந்திருந்தால் அதையாவது காட்டியிருப்பாள்.

அந்த ஊருக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட இடம் நிஜமாகவே இருக்கிறது, கிஃபு மாகாணத்தில் உள்ள ஷிராகாவா-கோ. பனி வழிந்து இறங்குவதற்காகச் செங்குத்தாகக் கூரை வேய்ந்த வீடுகள், 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. அங்குள்ள கோயிலில் ரசிகர்கள் இந்தக் கதாபாத்திரங்களை மரப் பலகைகளில் வரைந்து மாட்டுகிறார்கள்.

———

நீங்கள் இரண்டு பேரும் 'சம்மர் டைம் ரெண்டரிங்' பார்த்தீர்களா? 2022இல் அனிமேயாக வந்தது, 25 எபிசோடு. கூடவே வளர்ந்த பெண்ணின் சாவுக்காகச் சொந்தத் தீவுக்குத் திரும்பும் ஒருவன், செத்தால் பழைய நேரத்துக்குப் போகிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் போய் விழும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகிக்கொண்டே வருகிறது, அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் சிலரைக் காப்பாற்றவே முடியாது. எத்தனை தடவை செத்தாலும் பரவாயில்லை என்ற தைரியம் நமக்கு இருக்கும் பாருங்கள், அதைப் பிடுங்கிவிடுகிறது. போதாததற்கு எதிரிக்கும் லூப் தெரியவருகிறது. 'மாநாடு' படத்தில் எஸ்.ஜே. சூர்யாவுக்குத் தெரிந்ததும் கதை சூடு பிடித்ததே, அதே பிடிதான், ஆனால் அங்கே ஊர் முழுக்கக் கூட்டம், ஒளிய இடம் உண்டு. தீவில் படகு வந்தால்தான் உண்டு. மிச்சம் கிடக்கிறதா இல்லையா என்பதைவிட, இன்னும் எத்தனை தடவை பாக்கி என்பதுதான் என்னை நகம் கடிக்க வைத்தது. முதல் எபிசோடு முடிவை மட்டும் யாரிடமும் கேட்காமல் நேராகப் பாருங்கள்.