டிவால்யுவேஷன், டெப்ரிசியேஷன்: வில்சன் இயலுக்கு இரண்டு சொல் வேண்டும்

அனுப்பியவர்: செ.மா.

குழுவினருக்கு வணக்கம்.

பிரித்தானியப் பொருளாதார வரலாற்றுப் பாடநூலில் ஹரால்ட் வில்சன் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கில மூலத்தில் டிவால்யுவேஷன் (நாணயத்தின் மதிப்பை அரசே குறைப்பது), டெப்ரிசியேஷன் (சந்தையில் அது தானாகக் குறைவது) என்று இரண்டு சொல். எங்கள் வரைவில் இரண்டுக்கும் 'மதிப்புக் குறைவு' என்றே விழுந்திருக்கிறது. வேறு நூலென்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். இங்கே முடியாது.

வில்சன் இரண்டு தவணை பிரதமராக இருந்தவர். முதல் தவணை 1964 அக்டோபர் முதல் 1970 ஜூன் வரை. அப்போது பவுண்டு 2.80 டாலர் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1967 நவம்பர் 18 அன்று அரசே அதை 2.40 ஆக்கியது. இரண்டாம் தவணை 1974 மார்ச் முதல் 1976 ஏப்ரல் வரை. அதற்குள் கட்டு போய்விட்டது, 1972 ஜூனிலேயே பவுண்டு மிதக்கவிடப்பட்டது, அதாவது அதன் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். 1976 மார்ச்சில் அது 2 டாலருக்கும் கீழே போனபோது யாரும் புதிய விகிதம் அறிவிக்கவில்லை. முன்னது அரசு செய்தது, பின்னது சந்தையில் நேர்ந்தது. ஒரே சொல்லைப் போட்டால் வில்சன் இரண்டு முறை அறிவித்தார் என்றே மாணவர் படிப்பார்.

'பணமதிப்பிழப்பு' மட்டும் வேண்டாம். 2016 நவம்பருக்குப் பிறகு அதைக் கேட்டால் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனதுதான் நினைவுக்கு வரும்.

அனுப்பியவர்: அர.வே.

கலைச்சொல் எதற்கு? 'அரசு மதிப்பைக் குறைத்தது', 'மதிப்பு குறைந்தது'. பிறவினையும் தன்வினையும் இருக்கிற மொழியில் சொல்லாக்கக் கூட்டம் போடுவதே வீண்செலவு.

அனுப்பியவர்: செ.மா.

வாக்கியத்தில் சரி ஐயா. அட்டவணைத் தலைப்பிலும் பொருளடைவிலும் வினைமுற்று நிற்காதே. 'மதிப்புக் குறைப்பு', 'மதிப்புக் குறைவு' என்று பெயராக்கினால் வேறுபாடு கடைசி எழுத்துகளில் ஒளிந்துகொள்கிறது. ஒருமைப்படுத்துகிறேன் என்று மெய்ப்புத் திருத்துபவர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார். வரைவில் நடந்ததே அதுதான்.

அனுப்பியவர்: வ.க., யாழ்ப்பாணம்

இலங்கைப் பாடநூல்களில் இது எப்போதோ தீர்ந்த விடயம். அரசு செய்வது மதிப்பிறக்கம், சந்தையில் நேர்வது தேய்வு. மத்திய வங்கி அறிக்கைகளில் 'ரூபா தேய்வடைந்தது' என்றுதான் வரும்.

இன்னொன்று. 1967 நவம்பரில் பவுண்டைத் தொடர்ந்து இலங்கையும் 20 சதவீதம் மதிப்பிறக்கம் செய்தது, டொலர் 4.76 ரூபாவிலிருந்து 5.95 ஆனது. இந்தியா பின்தொடரவில்லை. அது முந்தைய ஆண்டே, 1966 ஜூன் 6 அன்று, 4.76ஐ 7.50 ஆக்கிவிட்டது. ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

அனுப்பியவர்: தி.நா.

ஈழத்தார் வழக்கை மதிக்கிறேன். ஆனால் 'இறக்கம்' இறங்கு என்பதிலும் பிறக்கும், இறக்கு என்பதிலும் பிறக்கும். ஏறு, ஏற்று இரண்டுக்கும் ஏற்றம். ஆடு, ஆட்டு இரண்டுக்கும் ஆட்டம். செய்தவன் இருக்கிறானா இல்லையா என்பதை இப்பெயர் காட்டாது. நமக்கு வேண்டியதோ அது ஒன்றுதான். ஆகவே 'மதிப்பிறக்கல்' அல்லது 'மதிப்பிறக்குகை'.

இதையும் பாருங்கள். ஈழத்தில் பெறுமதி இருக்கிறது. கணக்கியலில் வருமதி, சென்மதி இருக்கின்றன. நம்மிடம் ஏற்றுமதி, இறக்குமதி. இவற்றின் 'மதி' மதித்தல் என்னும் வினையின் முதனிலையே என்பது என் துணிபு. பட்டினப்பாலையில் கடலிலிருந்து கரைக்கு வருவதை 'நீரினின்று நிலத்து ஏற்றவும்' என்கிறார் புலவர். இன்று நாம் இறக்குமதி என்பது அன்று ஏற்றம்! ஏற்றமும் இறக்கமும் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை, மதியோ நிலையானது. இதை வைத்து 'இறக்குமதிப்பு' என்றுகூட ஆக்கலாம்.

அனுப்பியவர்: அர.வே.

தி.நா. ஐயா, வெகுமதியும் 'மதி'யில்தான் முடிகிறது. அது வடமொழி பஹுமதி. அதையும் உங்கள் வரிசையில் உட்காரவைப்பீர்களா?

அச்சில் என்ன ஆகும் என்றும் பாருங்கள். வில்சன் பதவியேற்ற மாதமே இறக்குமதிக்கு 15 விழுக்காடு மேல்வரி போட்டார், டிவால்யுவேஷனைத் தவிர்க்கத்தான். ஒரே பத்தியில் 'இறக்குமதி'யும் 'இறக்குமதிப்பு'ம் வந்தால் வாசகர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

அனுப்பியவர்: ப.மீ.

வணிகவியல் வகுப்புக்கு எது உதவும் என்று மட்டும் சொல்கிறேன்.

'தேய்வு' நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டில் அதை யாராவது 'தேய்மானம்' என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேய்மானம் எந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுதோறும் கணக்கில் கழிப்பது. தேய்ந்த எந்திரம் தானாகப் பழையபடி ஆகாது, நாணயம் ஆகும். 1976இல் 2 டாலருக்குக் கீழே போன பவுண்டு 1980இல் 2.40ஐத் தொட்டது. எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: தேய்வு, வளர்வு. அரசே உயர்த்தினால் மதிப்பேற்றம். 1969 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி டாலருக்கு 4 மார்க் என்பதை 3.66 ஆக்கியது அதற்கு எடுத்துக்காட்டு.

கட்டிவைத்த காலத்திலும் தேய்வு உண்டு என்பதை வரைவு தவறவிட்டிருக்கிறது. 2.80 என்பது நடுக்கோடு. இருபுறமும் ஒரு விழுக்காடு அசையலாம், அதாவது 2.78 முதல் 2.82 வரை. கீழ்வரம்பை நெருங்கினால் இங்கிலாந்து வங்கி கையிருப்பு டாலரை விற்றுப் பவுண்டை வாங்கும். 1964 நவம்பர் நெருக்கடியில் நடந்தது அதுதான். வட்டியை 7 விழுக்காடாக்கினார்கள், வெளிநாட்டு மைய வங்கிகளிடமிருந்து 300 கோடி டாலர் கடன் வசதி வாங்கினார்கள், நடுக்கோட்டை மாற்றவில்லை. வரைவில் '1964இல் மதிப்பிறங்கியது' என்றிருக்கிறது. அது தவறு. நடுக்கோடு நகர்ந்தால்தான் மதிப்பிறக்கம்.

விழுக்காட்டிலும் வழுக்கும். 2.80 என்பது 2.40 ஆனபோது பவுண்டின் மதிப்பு 14.3 விழுக்காடு இறங்கியது. ஆனால் ஒரு டாலர் வாங்கப் பிரித்தானியர் கொடுக்கும் தொகை 16.7 விழுக்காடு கூடியது. வ.க. சொன்ன இலங்கைக் கணக்கில் 20, 25. இந்தியாவின் 1966இல் 36.5, 57.5. இந்த 57.5ஐ 'ரூபாய் மதிப்பு 57.5 விழுக்காடு குறைந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். எந்த நாணயத்தின் பக்கமிருந்து அளந்தோம் என்பது தலைப்பிலேயே இருக்கவேண்டும். எந்த மதிப்பிறக்கமும் 100ஐ எட்டாது. எட்டியதாக எழுதியிருந்தால் மறுபக்கத்திலிருந்து அளந்திருக்கிறார்கள்.

அனுப்பியவர்: தி.நா.

தேய்வு, வளர்வு! அம்மா, தேய்வதும் வளர்வதும் மதிதானே. தேய்பிறை, வளர்பிறை. 'மதி' பற்றி நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று...

அனுப்பியவர்: அர.வே.

நிலா வரைக்கும் வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமையும் வந்துகொண்டிருக்கிறது.

அனுப்பியவர்: செ.மா.

அனைவருக்கும் நன்றி. இப்படி முடித்திருக்கிறோம்: பெயர் 'மதிப்பிறக்கம்', வினை 'மதிப்பிறக்கம் செய்'. சந்தையில் நேர்வது 'தேய்வு', 'தேய்ந்தது'. 'மதிப்பிறங்கியது' என்ற தன்வினை எங்கும் வராது, தி.நா. ஐயாவின் ஐயம் அதனால் பெருமளவு தீரும். நான்கு பேர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். 1964 வாக்கியத்தைத் திருத்தியாயிற்று. அட்டவணையின் விழுக்காட்டு நெடுவரிசையை, நாணயத்தின் பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

ஒன்று நிற்கிறது. 1967 நவம்பர் 19 அன்று தொலைக்காட்சியில் வில்சன், உங்கள் பையிலோ வங்கியிலோ உள்ள பவுண்டு டிவால்யூ ஆகவில்லை என்ற பொருள்படப் பேசினார். அங்கேயும் 'மதிப்பிறக்கம் செய்யப்படவில்லை' என்றே போடுகிறோம்.

அனுப்பியவர்: அர.வே.

அங்கே வேண்டாம். அவர் பேசியது வீட்டிலிருந்து பார்த்தவர்களிடம். 'மதிப்பு குறைந்துவிடவில்லை' என்று போடுங்கள்.

அனுப்பியவர்: ப.மீ.

போட்டால் அந்தப் பேச்சு ஏன் கேலிக்குள்ளானது என்பதே விளங்காது. உள்நாட்டில் அன்றைக்கே எந்த விலையும் மாறவில்லை என்ற அளவில் அவர் சொன்னது சரி. இறக்குமதியான பொருள் விலையேறும்போது அதே பையிலுள்ள பவுண்டு குறைவாகத்தான் வாங்கும். இரண்டு பொருளுக்கும் நடுவில் நின்றுதான் அவர் பேசினார். கலைச்சொல் அங்கே கட்டாயம் வேண்டும்.

அனுப்பியவர்: தி.நா.

'மதிப்பிறக்கல்' அடிக்குறிப்பிலாவது வரட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.