54-வது மாசசூசெட்ஸ் படை: வாக்னர் கோட்டைக்கு அப்புறம்?

தென்பொதிகை:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் சண்டையிட்ட கறுப்பினப் படை 54-வது மாசசூசெட்ஸ். 1863 ஜூலை 18-ல் தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா இறந்தார் என்பது வரை படித்தேன். அதோடு படை கலைந்துவிட்டதா?

கரிசல்காடு:
இல்லைங்க, போர் முடியும் வரை களத்தில் இருந்தது. வாக்னரில் மோதிய சுமார் 600 பேரில் ஏறத்தாழ 270 பேரை, இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து, இழந்தது உண்மை. ஆனால் எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அவர்களுடைய சம்பளப் போராட்டத்தை அவசியம் படியுங்கள்.

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். ஏழு டாலரை யாரும் கை நீட்டி வாங்கவில்லை. மீதியை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் வந்தபோதும் மறுத்தார்கள். மத்திய அரசே முழுச் சம்பளம் தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் கஷ்டப்பட்டார்கள், அப்படியும் அசையவில்லை. கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதினார்.

1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு வில்லங்கம்: 1861 ஏப்ரல் 19-ல் அடிமையாக இல்லாதவருக்கே பழைய பாக்கி முழுதாகக் கிடைக்கும். அப்போது தலைமையில் இருந்த கர்னல் ஹாலோவெல், 'அந்தத் தேதியில் கூலியில்லா உழைப்பு எவருக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை' என்று சத்தியம் செய்தால் போதும் என்றார். தப்பி வந்த அடிமையும் மனசாட்சியோடு சொல்லக்கூடிய வாசகம் அது! பணம் கைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். குடிங் அதைப் பார்க்கவில்லை. ஒலஸ்டீ சண்டையில் காயத்தோடு பிடிபட்டு, ஜூலையிலேயே தெற்குத் தரப்பின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோனார்.

நூலகவாசி:
ஒலஸ்டீயில் ரயிலைக் கையால் இழுத்தார்களாமே?

கரிசல்காடு:
ஆமாம். 1864 பிப்ரவரி 20, புளோரிடா. தோற்றுப் பின்வாங்கிய வடக்குப் படைக்கு இவர்கள்தான் பின்காவலாக நின்றவர்களில் முக்கியமானவர்கள். அப்புறம் காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் எஞ்சின் பழுதாகிவிட, திரும்பிப் போய்க் கயிறு கட்டி மைல் கணக்கில் இழுத்தார்கள். ஒரு வருஷம் நெருங்கச் சம்பளமே வாங்காதவர்கள்!

தென்பொதிகை:
நன்றி ஐயா. கடைசிச் சண்டை எது?

கரிசல்காடு:
தென் கரோலினாவில் பாய்கின்ஸ் மில், 1865 ஏப்ரல் 18. தெற்குத் தரப்பின் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் கழித்து. ஆகஸ்டில் படையைக் கலைத்தார்கள். செப்டம்பர் 2-ல் பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்தார்கள்.