ஐபிவி6-இல் மட்டும் இரண்டு கோர் சுவிட்சுகளும் மாஸ்டர் ஆகின்றன

சர்வர் விலேனில் (சர்வர்களுக்கெனப் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) உள்வரும் திசையில் அணுகல் பட்டியலை, அதாவது எந்தப் பாக்கெட்டை விடலாம் என்ற விதிகளைப் போட்டதும் இரண்டு கோர் சுவிட்சுகளும் தாமே மாஸ்டர் என்கின்றன; ஒன்றுதான் மாஸ்டராக இருக்க வேண்டும், மற்றது காப்பு. சென்ற வாரம் தொடங்கிய தொல்லை இது. சர்வர்களுக்கான இணைப்பு விட்டுவிட்டு அறுகிறது.

இரண்டும் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர். மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறை விஆர்ஆர்பி பதிப்பு 3, முன்னுரிமை ஒன்றுக்கு 120, மற்றதற்கு 100, மாஸ்டரின் அறிவிப்பு இடைவெளி 1 விநாடி. பட்டியலை நீக்கினால் சில விநாடிகளில் சரியாகிவிடுகிறது. ஆகவே கேபிள் மீதோ டிரங்க் மீதோ எனக்குச் சந்தேகமில்லை.

விஆர்ஆர்பி அறிவிப்புகள் செல்லும் 224.0.0.18 முகவரிக்கு அதன் புரோட்டோகால் எண்ணான 112-ஐ அனுமதித்தேன், ஐபிவி4 சரியானது. ஐபிவி6-இல் அதற்கு இணையான எஃப்எஃப்02::12-க்கும் அதே விதியை எழுதிப் பட்டியலின் தலையில் வைத்தேன். அந்த விதிக்குப் பொருந்திய பாக்கெட்டுகளின் எண்ணி பூஜ்யத்திலேயே நிற்கிறது. மறுதொடக்கமும் செய்து பார்த்தாயிற்று (எல்லோரும் சொல்லும் முதல் மருந்து). விதியில் மூல முகவரியாக எங்கள் சப்நெட்டைக் கொடுத்திருக்கிறேன். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் அறிவிப்புகள் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியிலிருந்து (ஒரே இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி) வருகின்றன.

அடுத்த பராமரிப்பு நேரம் சனிக்கிழமை இரவுதான். அதற்கு முன் கை வைக்க அனுமதியில்லை. மூல முகவரியை எஃப்இ80::/10 என மாற்றினால் மட்டும் போதுமா, அல்லது அண்டைக் கண்டறிதல் (ஒரே இணைப்பிலுள்ள கருவிகளின் முகவரியைக் கண்டுபிடிப்பது) போன்ற ஐசிஎம்பிவி6 செய்தி வகைகளையும் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டுமா?