வின்ச் ஹவுசிங் விரிசல்: வெல்டிங் தாங்குமா?

வணக்கம் அண்ணன்களே, கடலூர் முதுநகர்லேர்ந்து எழுதுறேன். பழைய ஜீப், முன்னாடி வின்ச் (ரோப்பைச் சுத்தி வண்டிய இழுக்குற மெஷின்) போட்டது. போன வாரம் தென்பெண்ணை ஓரம் மணல்ல புதைஞ்ச டெம்போவ இழுக்கும்போது 'டக்'னு ஒரு சத்தம். ரோப்தான் போச்சுன்னு பயந்தேன். ரோப் நல்லாருக்கு, வின்ச்சோட கியர் ஹவுசிங்ல (கியரை மூடியிருக்குற கூடு) போல்ட் மாட்டுற காதுலேர்ந்து பேரிங் குழி வரைக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு விரிசல், ஆயில் கசியுது. நேரா இழுக்காம சாய்ச்சு இழுத்தது என் தப்புதான்.

காந்தம் ஒட்டுது. அரம் போட்டா சுருள் வரல, கறுப்பா பொடி கொட்டுது. ஆக வார்ப்பிரும்பு. பக்கத்துப் பட்டறையில சாதா ராடுல ஒட்டினாங்க. ஆறும்போதே வெல்டுக்குப் பக்கத்துல இன்னொரு விரிசல் விட்டுடுச்சு. கொடுத்த 600 ரூபாயும் தண்டம்.

விரிசல் முனையில ஓட்டை போட்டு, 'வி' பள்ளம் எடுத்து, சூடு காட்டி, நிக்கல் ராடுல ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்சா வச்சு, ஒவ்வொண்ணையும் சுத்தியலால லேசா தட்டி, சுண்ணாம்புத் தூள்ல புதைச்சு ஆறவிடணும்னு ஒரு பெரியவர் சொல்றார். இன்னொருத்தர் பித்தளை பிரேஸிங் (பித்தளைய உருக்கி ஒட்டுறது) போதும்ங்கிறார். வருஷக்கணக்கா ஆயில் ஊறின இரும்புல எது பிடிக்கும்? பேரிங் குழி கோணாம எப்படிக் காப்பாத்துறது?

புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் வார்ப்பு வெல்டிங்கும் போரிங்கும் (பேரிங் குழியக் கடைஞ்சு சரியான அளவுக்குக் கொண்டுவர்றது) சேர்த்துச் செய்யுற மேஸ்திரி இருந்தா சொல்லுங்க. மாடல் பழசு, புது ஹவுசிங் கிடைக்கல. ஒட்டினது முழு லோடு தாங்காதுன்னா அதையும் மறைக்காம சொல்லிடுங்க.