ஒடியா பேசற பிள்ளைங்களுக்குத் தமிழ் எப்படி சொல்லித் தர்றீங்க?

வணக்கங்க, திருப்பூர் பக்கம் அரசுப் பள்ளியில மூணாம் வகுப்பு எடுக்கறேன், 31 பிள்ளைங்கள்ல 9 பேரு பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைங்க. அதுல ஒரு ஒடிசா பொண்ணு கணக்குல அவ்ளோ கெட்டி, ஆனா தமிழ் வாசிக்க வரலைன்னு அரசுப் பள்ளியில அடிப்படை வாசிப்பு, கணக்கு சொல்லித் தர்ற எண்ணும் எழுத்தும் திட்டத்துல இன்னும் ஆரம்பப் படியான அரும்பு நிலையிலயே இருக்கா, எனக்கு மனசே கேக்கல. போன வாரம் தண்ணிக்கு 'பாணி'ன்னு கேட்டா, பசங்க சிரிச்சிட்டாங்க, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பாட்டிலைத் தொடவே இல்லைங்க. எல்லாரையும் 'இந்திக்காரங்க'ங்கறாங்க, ஒடியா தனி மொழி, எழுத்தே வேறன்னு அவ பேரை அவளையே போர்டுல எழுத வெச்சேன், வட்ட வட்டமா எழுதிட்டு அன்னிக்குத்தான் நிமிர்ந்து பாத்தா.

ஒடியா, தமிழ் ரெண்டும் இருக்கற படக்கதை, சொல் அட்டை யாருகிட்டயாவது இருக்கா? அப்பா அம்மா ஷிப்ட்ல போயிடறாங்க, அவங்ககிட்ட எப்படிப் பேசறீங்கன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.