கையை வயிற்றோடு தைப்பது பழைய முறையா?

கேள்வி (கடலூர் முதுநகர்): அந்தக் காலத்தில் லேத்தில் நசுங்கிய அப்பாவின் கையை அடிவயிற்றோடு தைத்து மூன்று வாரம் வைத்திருந்தார்கள். இப்போது அண்ணனுக்கும் அதே மாதிரி காயம். தொடைச் சதையை எடுத்து ஒரே ஆபரேஷனில் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அப்போ பழையது தப்பா?

பதில் (புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்): தப்பே இல்லைம்மா. கையிலிருந்து புது ரத்தக்குழாய் முளைத்து வரும்வரை காயத்தை மூட வைத்த வயிற்றுச் சதைக்கு வயிறுதான் ரத்தம் கொடுக்கும். 1970களில் நுண்ணோக்கி வைத்துக் எடுத்த சதையின் ரத்தக்குழாயைக் கையின் குழாயோடு தைப்பது வந்ததும் காத்திருப்பு போயிற்று. அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. முதல் சில நாள் மணிக்கொரு தரம் சதையின் நிறம் பார்ப்போம். நீலம் பாய்ந்தால் உடனே தியேட்டருக்குத்தான்.

பதில் (பண்ருட்டி): அந்த வசதி இல்லாத இடத்தில் இன்றும் வயிற்று முறைதான். என் மாமாவுக்குக் காயம் ஆறியது, தோள் இறுகிப்போச்சு.

நர்ஸ்: அண்ணன் பீடி பிடிப்பாரா? இன்றைக்கே நிறுத்தச் சொல்லும்மா, குழாய் சுருங்கிவிடும்.