சபையில் ஒருவர் உங்களுக்கு உண்மையாகவே நெருக்கமானது எப்படி? நடந்ததைச் சொல்லுங்கள்

புதிதாகச் சேர்ந்த சகோதரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலை மாறியதால் புதிய சபைக்குப் போக ஆரம்பித்தவள் நான். வாசலில் நல்ல வரவேற்பு, கைகுலுக்கல், "அடுத்த வாரமும் வாங்க" எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவரவருக்குத் தெரிந்தவர்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பைபிளைப் பைக்குள் வைப்பதையே மெதுவாகச் செய்துகொண்டிருப்பேன்.

இதை மாற்றியது ஒரு வயதான அம்மா. ஒரு ஞாயிறு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. பாட்டுப் புத்தகத்து எழுத்து ஒண்ணும் தெரியலை. ஒவ்வொரு சரணத்துக்கும் முதல் வரியை மட்டும் காதுல சொல்லு, மிச்சம் தானா வந்துடும்" என்றார். அப்படியே செய்தேன். நான் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார், அதுவும் நல்ல கணீர்க் குரலில். அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழையும்போது தன் பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் பக்கத்தில்தான் உட்காருகிறோம்.

யோசித்துப் பார்த்தால், அங்கே எல்லாரும் எனக்கு ஏதாவது கொடுக்கத்தான் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் என்னிடம் ஒன்று கேட்டார். ரோமர் 16ஆம் அதிகாரத்தை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். ரோமாபுரிச் சபைக்கு அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதியபோது பவுல் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனாலும் அந்தச் சபையில் இருபதுக்கும் அதிகமானவர்களைப் பேர் சொல்லி விசாரிக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தனக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்தவர்கள் என்கிறார். ரூப்பின் அம்மா தனக்கும் அம்மா என்கிறார். நிருபத்தோடு அனுப்பிவைக்கும் பெபேயாளைத் தனக்கே ஆதரவாக இருந்தவள் என்று அறிமுகப்படுத்துகிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலன் மற்றவர்களிடமிருந்து தான் வாங்கிக்கொண்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். உறவு அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் சபையில் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், சம்பவம் போதும்.

ஒலிக்குழுவில் இருப்பவர்

சிஸ்டர், அப்படியே என் கதை. மேடையில் நிற்பது எனக்குப் பிடிக்காது. வட்டமாக உட்கார வைத்து "மனம்விட்டுப் பேசுங்க பிரதர்" என்றால் வாயே வராது. எங்கள் சபையில் ஒலி அமைப்பைப் பார்க்கும் அண்ணன் ஒருநாள், "தம்பி, முடிஞ்சதும் வயர் சுத்த ஒரு கை குறையுது, வர்றியா?" என்று கூப்பிட்டார். போனேன்.

மைக் வயரை முழங்கையில் மாட்டிச் சுற்றக் கூடாது, உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் சுற்றைச் சாதாரணமாக எடுக்க வேண்டும், அடுத்த சுற்றில் மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் சுற்றினால், அடுத்த வாரம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினாலும் சிக்கு விழாமல் நீளமாகப் போய் விழும். எனக்குக் கை பழகும்வரை பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார்.

அந்த வேலையில் இரண்டு பேரின் கண்ணும் வயரில்தான் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அப்படி ஒருநாள்தான் அண்ணன் தன் மகன் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னார். நானும் யாரிடமும் சொல்லாத என் அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போனா இன்னைக்கு எப்படி இருப்பார்?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி போன் செய்தார்.

அண்ணனின் மகன் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். "இல்லைடா தம்பி" என்பார், அடுத்த வயரை எடுப்போம். என்னைப் போன்றவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதைவிட ஏதாவது வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று எல்லாப் பாஸ்டர்களிடமும் சொல்ல ஆசை.

கணவரை இழந்த ஒருவர்

என் கணவர் மாரடைப்பில் போனபோது சபை முழுவதும் வந்தது. அடக்க ஆராதனையில் உட்கார இடமில்லை. அந்த அன்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வந்தவர்களில் பலர், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னார்கள். "நல்லவங்களைக் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்குவார்." "அழாதீங்க, அவர் சந்தோஷமா இருக்கார்." எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஏழு நாள்தான்.

அப்புறம் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பத்தானே வேண்டும். ஞாயிறுதான் தாங்க முடியாது. இரண்டு பேராக உட்கார்ந்த அதே வரிசையில் தனியாக உட்கார வேண்டும். இராப்போஜனத்தின் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகும்போது பக்கத்தில் ஆள் இருக்காது.

அதுவரை ஸ்தோத்திரம் சொல்வதோடு சரி என்று இருந்த ஒரு சகோதரி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று அவர் சொல்லவில்லை. "இறப்புச் சான்றிதழ் எத்தனை பிரதி வாங்கியிருக்கீங்க? வங்கிக்குச் சொல்லியாச்சா? காப்பீட்டுக் காகிதம் எங்கே இருக்கு? எல்லாத்தையும் எடுங்க" என்றார். தரையில் எல்லாவற்றையும் பரப்பினோம். வங்கிக்கு ஒரு கட்டு, காப்பீட்டுக்கு ஒரு கட்டு, என்னவென்றே தெரியாததற்கு ஒரு கட்டு. நடுவில், என் கணவர் பாதி நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த ஒரு விண்ணப்பம் வந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அந்தச் சகோதரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். தோளில்கூடத் தட்டவில்லை. "ஜெபிக்கலாமா?" என்றும் கேட்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, "அடுத்தது எது?" என்றார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. எங்கள் கல்யாண நாளைக் கேட்டுத் தன் காலண்டரில் எழுதிக்கொண்டார். இறந்த நாளைச் சிலராவது நினைப்பார்கள், கல்யாண நாளை யார் நினைப்பார்கள்? அந்த நாள் வந்தால் போன் செய்து, "இன்னைக்கு அவரைப் பத்தி ஏதாவது சொல்லு" என்பார். மற்றவர்கள் அவர் பேரை எடுத்தால் எனக்கு வலிக்கும் என்று தவிர்க்கிறார்கள். பேரையே எடுக்காமல் இருப்பதுதான் வலிக்கிறது. இதை வாசிக்கும் எல்லாரும் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றுதான் ரோமர் 12:15 சொல்கிறது. அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு சகோதரி

அக்கா, வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் கிடைத்த அக்காவுக்காகக் கர்த்தருக்கு நன்றி.

என் அனுபவம் கசப்பில் தொடங்கியது. முன்பு இருந்த சபையில், எங்கள் குடும்ப வாழ்க்கையில் இருந்த ஒரு பிரச்சினையைச் சிறு குழுவில் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். அடுத்த வாரமே, அந்தக் குழுவிலேயே இல்லாத ஒருவர் வந்து, "உங்க குடும்பத்துக்காக ரொம்பப் பாரத்தோட ஜெபிக்கிறோம்" என்றார். எனக்கு நிலம் நழுவியது போல் ஆனது. அதற்குப் பிறகு ஜெபக்குறிப்பு கேட்டால் "பிள்ளைங்க படிப்புக்காக" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி எத்தனையோ பேர் நம் சபைகளில் "படிப்புக்காக", "சுகத்துக்காக" என்று சொல்லிவிட்டு உள்ளே இருப்பதை மூடி வைத்திருக்கிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

இப்போது இருக்கும் சபையில் எங்கள் குழுவை நடத்தும் அக்கா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் நேராக அவரையே கேட்பார்: "இதைச் சபைப் பட்டியலில் போடலாமா, இங்கேயே இருக்கட்டுமா?" எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் கேட்பார். ஒருவர் பல்வலிக்கு ஜெபம் கேட்டபோதுகூடக் கேட்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதோடு, மற்றவர்களைப் பேசச் சொல்வதற்கு முன்னால் தன் மகளைப் பற்றிய பயத்தை அவரே முதலில் சொன்னார். தலைவிக்கே பயம் இருக்கிறது என்று தெரிந்த அன்று நானும் வாயைத் திறந்தேன். யாக்கோபு 5:16 சொல்வது ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதை. கேட்டதை ஊருக்கு அறிவிப்பது அதில் சேராது.

ஒரு மூப்பர்

தங்கச்சி சொன்னது மிகச் சரி. சபைத் தலைமையில் இருப்பவர்கள் கண்டிப்பாக வாசிக்க வேண்டியது.

என் பங்குக்கு ஒன்று. எங்கள் சபையில் ஒரு தம்பி எப்போதும் பிரசங்கம் தொடங்கிய பிறகுதான் வருவார், ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். "பக்தியில் அக்கறை இல்லை" என்று காதுபடவே பேசினார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா படுத்த படுக்கை. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, மருந்து கொடுத்துவிட்டுத்தான் இவர் கிளம்ப முடியும். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆராதனை நீண்டால் அவருக்குப் பதைப்பு. இதை யாரிடமும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது சபையின் சகோதரிகள் முறை வைத்து ஞாயிறு காலையில் அந்த அம்மாவோடு இருக்கிறார்கள். அந்த அம்மா பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிறாராம். தம்பி முதல் பாட்டுக்கே வந்துவிடுகிறார்.

வீட்டுக்குப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சரித்திரம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கூடுகை இடத்தைக் கட்டிய கடன் பாக்கி இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேள்வி வந்தது. மிக ஏழைகளான பதினொரு பேரை என் கணக்கில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் கொடுக்கிறேன் என்று யோசனை சொன்னவரே முன்வந்தார். மற்றவர்களும் அப்படியே பிரித்து எடுத்துக்கொண்டு வாரா வாரம் வீடு வீடாகப் போனார்கள். பணம் வாங்கப் போன இடத்தில்தான் யார் எப்படி வாழ்கிறார்கள், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரியவந்தது. மெதடிஸ்ட் சபைகளின் வகுப்புக் கூட்டங்கள், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்டவை, அதிலிருந்துதான் பிறந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே எத்திரோ தன் மருமகன் மோசேயிடம், எல்லாரையும் நீ ஒருவனே பார்க்க முடியாது, பத்துப் பேருக்கு ஒருவரை வை என்றாரே (யாத்திராகமம் 18). பெரிய சபையில் எல்லாரும் எல்லாருக்கும் நெருக்கமாக முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒருசிலராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதே என்னைப் போன்றவர்களின் வேலை.

பாடற்குழு

சுருக்கமாக ஒன்று. எங்கள் குழுவில் இரண்டு அக்காமாருக்குள் தனிப்பாட்டு யார் பாடுவது என்று மனத்தாங்கல். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவார்கள், பேச மாட்டார்கள். "ஜெபத்தில் வைப்போம்" என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டோம். ஆர்கன் வாசிக்கும் ஐயா ஒருவர்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்று சொல்லிக் கேட்டார். பிலிப்பியர் 4இல் எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒருமனப்படச் சொன்ன கையோடு, அவர்களுக்கு உதவி செய் என்று பவுல் மூன்றாவது ஆளிடமும் சொல்கிறாரே, அதுதான் இது. இப்போது அவர்களில் ஒருவருக்குத் தொண்டை சரியில்லை என்றால் மற்றவர்தான் மாத்திரை கொண்டுவருகிறார்.

வாலிபர் குழு

அந்த அக்காவிடம் ஒரு கேள்வி. கல்யாண நாளையும் நினைவு நாளையும் எழுதி வைக்கும் வழக்கத்தை எங்கள் வாலிபர் குழுவில் தொடங்க ஆசை. ஒரு பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பினால் போதுமா?

கணவரை இழந்த ஒருவர்

தம்பி, நல்ல ஆசை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே ஒருவர் கைகூப்பும் படம் போட்டதும் எல்லாரும் அதையே போடுவார்கள், பதில் சொல்லவே களைப்பாகிவிடும். ஒருவருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விழுந்தவரிடம் முதலில் நேரில் போய்த் தேதியைக் கேளுங்கள். "எதற்கு?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த நாளில் போன் செய்து, அவர் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். முதலில் யாரிடம் கேட்பது என்று யோசித்தால், சபையில் தனியாக உட்காருகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.